சுபாங்கில் இறங்கியவன்

எங்கள் வீட்டில் ஏர்போர்ட் என்று யாரும் சொன்னதில்லை. அது இருந்த இடத்தின் பெயரால் சுபாங் என்றுதான் சொல்வோம். ஒருவர் வெளிநாடு கிளம்பினால் 'சுபாங் போயிருக்காரு'. திரும்பி வந்தால் 'சுபாங்ல எறங்கிட்டாரு'. நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். மெட்ராஸ், லண்டன், பெர்த் எல்லாமே எங்களுக்கு சுபாங்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த கூத்து முழுக்க இந்தப் பேச்சு வழக்கால் வந்தது.

எண்பதுகளின் நடுவில் என் தம்பி இங்கிலாந்துக்குக் கணக்கியல் படிக்கப் போனான். அந்தக் காலத்தில் சுபாங்கின் மாடியில் வழியனுப்ப வந்தவர்கள் நின்று கையசைக்க ஓர் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, யாரையும் வழியனுப்பாமலே, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விமானம் பார்ப்பார்கள். தம்பி போன அன்று அப்பா, அம்மா, நான் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வரிசையாக இருந்த சின்னச் சின்ன ஜன்னல்களில் எதற்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியவில்லை. அம்மா எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையை ஆட்டினார்.

படிப்பு முடிந்ததும் வந்துவிடுவான் என்றுதான் பேச்சு. அதற்குள் ரயில்வேயில் இருந்த அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது. தம்பி ஒரு பிஸ்கட் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். அந்த நாட்டைவிட்டு ஒரு தடவை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பட்டமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் பிரிக்பீல்ட்ஸில் வந்து முகம் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை. அப்பாவின் காரியத்துக்கே வரவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது, அவனுடைய முதலாளி லீவு கொடுக்க மாட்டேன் என்கிறான் என்பது மட்டும்தான். அந்த முதலாளியை அம்மா வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா போனதும் ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு, கடை வரிசை ஒன்றின் மாடியில் வாடகைக்கு வந்தோம். எனக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் கணக்கெழுதும் கிராணி வேலை. தினமும் ஃபெடரல் ஹைவேயில் பஸ்ஸில் போய் வருவேன். சுபாங் பக்கம் வரும்போது சில நாள் ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வாக இறங்கும். அதில் அவன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வரும்.

தம்பி ஞாயிறு சாயங்காலத்தில் போன் செய்வான். அங்கே அப்போது காலை. முதலில் அம்மாவிடம் பேசுவான், பிறகு என்னிடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, அம்மா பேசி முடித்து என்னிடம் கொடுத்ததும், "அண்ணே, நான் இன்னைக்கு சுபாங்ல எறங்கினேன்" என்றான்.

 எந்த சுபாங் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் என்றான்.

யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அறையில் வைத்திருக்கிறான். அதில் விமானம் ஓட்டும் ஒரு விளையாட்டு. முதலில் அமெரிக்க ஊர்கள் மட்டும்தான் இருந்ததாம். அப்புறம் கம்ப்யூட்டர் சங்கத்தில் ஒருவர் ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பொழுதுபோகாமல் நம் சுபாங்கைச் செய்து வைத்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் ஓடுதளம், அதன் நுனியில் வெள்ளையாக இரண்டு இலக்கம், பக்கத்தில் டெர்மினல் என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பச்சையாக இருக்கிறது என்றான். கிள்ளான்? அதுவும் பச்சைதான். ஹைவே கிடையாது, ஆறு கிடையாது, ஒரு மரம்கூடக் கிடையாது.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு ஞாயிறும் கேள்வி. அந்த வெள்ளைக்காரர் பழைய வரைபடத்தைப் பார்த்துச் செய்திருக்கிறாராம். இப்போது ஓடுதளத்தின் நீளம் அதேதானா? விமானம் இறங்கிய பிறகு திரும்பிப் போகும் வழி புதிதாகப் போட்டிருக்கிறார்களா? புது டெர்மினல் கட்டுகிறார்களாமே, எந்தப் பக்கம்? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டால், ஓடுதளத்தைப் பற்றிப் பத்து வரி கேட்பான்.

ஒரு தடவை அந்த வெள்ளை இலக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னான். காம்பஸில் ஓடுதளம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதை வைத்துத்தான் அந்த இலக்கம் எழுதுவார்களாம். காம்பஸ் காட்டும் வடக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகருமாம். நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் இலக்கத்தையே அழித்துவிட்டு வேறு எழுத வேண்டி வருமாம். கம்ப்யூட்டரில் மட்டும் பழையதே நிற்குமாம். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மூச்சு வாங்கச் சொன்னான்.

"வடக்கே நகருது. நீதான்டா நகர மாட்டேங்கிற" என்றேன்.

 அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த லீவு நாளில், கூட வேலை பார்ப்பவரிடம் பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு சுபாங் மாடிக்குப் போனேன். வெயிலில் ஓடுதளம் தண்ணீர் மாதிரி நெளிந்ததுதான் தெரிந்தது. இலக்கமும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. நாலு பேர் பார்க்க நான் பைனாகுலரை வைத்துக்கொண்டு தரையைத் தேடிக்கொண்டிருந்தது மட்டும்தான் மிச்சம்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அது நடந்தது. ஒரு ஞாயிறு நானும் என் மனைவியும் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் கழித்துத் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. கீழே தையல் கடைக்காரர், ஆன்டி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கையில் சாப்பாட்டுத் தூக்கோடு டெக்சியில் போனதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, சின்னவன் வந்துவிட்டான், சுபாங் போகிறேன் என்றாராம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தம்பிக்கு அந்த வாரம் புதிதாக ஒரு ஃப்ளாப்பி வந்திருந்தது. இரவெல்லாம் விழித்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் வரை பொறுக்காமல் கூப்பிட்டிருக்கிறான். எடுத்தது நான் என்று நினைத்தானோ என்னவோ, எடுத்த எடுப்பில் சுபாங்கில் இறங்கிவிட்டேன் என்று கத்தியிருக்கிறான். அம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

நான் போனபோது அம்மா வருகைக் கதவுக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கே காவலுக்கு நின்ற ஜாகா ஒருவர் பாவப்பட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார். அம்மா அதில் உட்காரவில்லை, தூக்கை மட்டும் வைத்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பெட்டி வரல போல. உள்ளயே நிக்கிறான்."

அந்த இடத்தில் நின்று நான் கம்ப்யூட்டரை விளக்கினேன். விளையாட்டு என்றேன். டிவி மாதிரி ஒரு பெட்டி, அதில் படம் போல சுபாங் தெரியும், அவன் அறையில் உட்கார்ந்தபடியே அதில் விமானத்தை இறக்குகிறான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எறங்கிட்டேன்னு சொன்னான்டா. ஆடாம எறங்கினேன்னும் சொன்னான். ஏறாதவன் எப்படி எறங்குவான்?"

 இன்னும் இரண்டு விமானங்களின் ஆட்கள் வெளியே வரும்வரை கூடவே நின்றேன். பிறகு அம்மாவே திரும்பினார். தூக்கில் இருந்த சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் அந்த ஜாகாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.  அன்றைக்குத் தம்பி என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அடுத்த ஞாயிறு நான் போனில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அவன் அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை போனில் அழுதால் கேட்பவன் என்ன செய்வது? அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். அழாதே என்றார். பிறகு, சும்மா பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், "இந்த வாரமும் எறங்கினியா?" என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்தது. எங்கள் ஞாயிறுகளில் மற்ற பேச்செல்லாம் பின்னால் போய்விட்டது. எறங்கினியா? எறங்கினேன்மா. ஆடாம எறங்கினியா? ஆடாமத்தான்மா. அதோடு அம்மாவுக்குத் திருப்தி. ஒரு வாரம் மழையில் ஓடுதளம் தெரியாமல் திரும்பிவிட்டேன் என்று அவன் சொன்னபோது, போனால் போகட்டும், அடுத்த வாரம் வெயில் அடிக்கும் என்று ஆறுதல் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்ட நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது அப்போது.

அம்மாவுக்கு அது விளையாட்டாக இல்லாமல் போனது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. மறதி ஒரே நாளில் வரவில்லை. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தார், பிறகு கிழமையை, பிறகு அப்பா இறந்துபோனதை. சுபாங்கை மட்டும் மறக்கவில்லை. சின்னவன் வாராவாரம் வருகிறான், நான்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வர மாட்டேன் என்கிறேன் என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். டாக்டர், வயசானால் அப்படித்தான் என்று மாத்திரை எழுதினார். அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிறு காலையில் பழைய காரில் சுபாங் மாடிக்குக் கூட்டிப்போவேன். அம்மா இறங்குகிற விமானத்துக்கெல்லாம் கையை ஆட்டுவார். சாயங்காலம் போன் வரும். கையாட்டினதைப் பார்த்தியா என்று கேட்பார். பார்த்தேன்மா என்பான் அவன். வேறு என்ன சொல்வான்?

இதற்கு நடுவே சிப்பாங்கில் புது விமான நிலையம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பந்திங் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக இருந்த இடமெல்லாம் செம்மண். லோரிகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ஓடுதளம் வரப்போகிறதாம், இனிமேல் வெளிநாட்டு விமானமெல்லாம் அங்கேதான் என்று தம்பியிடம் சொன்னேன். அவனிடம் அதற்குள் புது கம்ப்யூட்டர், புது டிஸ்க் எல்லாம் வந்திருந்தது. சுபாங் இப்போது அசலாகவே இருக்கிறது, டெர்மினலுக்கு ஜன்னல்கூட வந்துவிட்டது என்றான். சிப்பாங்கைத் தேடிப் பார்த்திருக்கிறான். கடல் வரைக்கும் பச்சைதான், அங்கே ஒன்றுமே இல்லை என்றான். இருக்கிறதடா, நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

தொண்ணூற்றெட்டில் எல்லாம் அங்கே மாறிப் போனது. அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு அம்மாவைச் சுபாங்குக்குக் கூட்டிப்போனேன். மாடிக்குப் போகும் வழியை அடைத்திருந்தார்கள். இன்றைக்கு யாருமே வரவில்லையே, எல்லாருக்கும் என்ன ஆச்சு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் சிப்பாங்குக்கே ஓட்டிப்போனேன். உள்ளே போனதும் அந்த உயரத்தையும் கண்ணாடியையும் பளபளப்பான தரையையும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். இந்த ஷாப்பிங் கம்ப்ளெக்ஸில் எனக்கு எதுவும் வாங்க வேண்டாம், சின்னவன் சுபாங்கில் நிற்பான், கிளம்பு என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சின்னவன், சின்னவன் என்று ஒரே புலம்பல். ஒரு நாடே சேர்ந்து ஒரு விமான நிலையத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கிறது. அம்மாவின் தலைக்குள் இருப்பதை ஓர் அங்குலம் நகர்த்த என்னால் முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தம்பிக்கு அங்கே சட்டப்படி தங்குவதற்கான பேப்பர் கிடைத்தது. இனி அவன் போகலாம், வரலாம். கிடைத்த மறுவாரமே கிளம்பி வந்தான்.

சிப்பாங் கதவு வழியாக வந்தவனை முதலில் எனக்கே தெரியவில்லை. முடி கொட்டி, உடம்பு பெருத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். காரில் ஏறியதும் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டரில் சுபாங் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிவிடுவானாம். இங்கே இறங்கும்போது கீழே எது எது என்று ஒன்றும் பிடிபடவில்லையாம். அம்மாவைப் பற்றி நான் போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். நேரில் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்ணே என்றான். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அம்மா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அவன் காலில் விழுந்தான். அம்மா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க தம்பி. யாரு நீங்க?"

நான்தான்மா என்றான். சின்னவன்மா என்றான். அம்மா என்னைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவரை மரியாதை குறையாமல் விசாரிக்கிற குரலில், எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டார். பாவி, உள்ளதைச் சொன்னான். சிப்பாங் என்றான்.

"என் சின்னவன் சுபாங்லதான் எறங்குவான்" என்றார் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார்.

சுபாங்தான்மா, வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று அவன் மாற்றிப் பார்த்தான். அம்மா சிரித்துவிட்டு, அவருக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடு என்று என் மனைவியிடம் சொன்னார். அவன் சின்ன வயசுப் படத்தைக் காட்டினான். அப்போதே நெற்றியில் இருந்த தழும்பைக் காட்டினான்.  அம்மா தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டார். அவன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டதைக் கவனித்து, இந்தத் தம்பிக்கு யாருமே போன் பண்ணுவதில்லையே, பாவம், ஊரில் யாரும் இல்லையா என்று என் மனைவியிடம் விசாரித்தார்.

ஞாயிறு வந்தது. சாயங்காலம் ஆனதும் அம்மா நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். போன் அடிக்கவில்லை. எங்கிருந்து அடிக்கும்? அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தார். மழையாக இருக்குமோ என்றார். விழுந்திருக்குமோ என்றார். எது விழுந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது அவருக்கு. நான் என்ன சொல்லியும் அடங்கவில்லை.

தம்பி எழுந்து, மேசையில் கிடந்த சில்லறையை அள்ளிக்கொண்டு படியிறங்கிப் போனான். நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். தையல் கடையைத் தாண்டி, தெருமுனையில் பொதுத் தொலைபேசி இருந்தது. அவன் ரிசீவரை எடுத்து, காசு போட்டு, எங்கள் நம்பரை அழுத்தினான்.

வீட்டில் போன் அடித்தது. அம்மா பாய்ந்து எடுத்தார்.

"எறங்கினியா?" என்றார். "ஆடாம எறங்கினியா?" அவன் என்ன சொன்னானோ, அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு என்றார். அந்த முதலாளியை ஒரு பிடி பிடித்தார். நான் கீழே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காசு தீரத் தீரப் பையிலிருந்து எடுத்துப் போட்டான். கடைசியில் போட ஒன்றும் இல்லாமல் போனது.

அவன் மேலே ஏறி வந்து வாசலில் நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் அவனைத்தான் முதலில் பார்த்தார்.

"இப்பதான் என் சின்னவன் பேசினான். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, தம்பி?"